நீலம் வேறு, மக்கல் வேறு

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பட்டை வண்டு அடித்த லாட்ஜ்போல் பைன் என்ற ஊசியிலை மரம் ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். நடுவைரம் வெளிறிக் கிடக்கும். அதைச் சுற்றிப் பட்டைவரை மை கொட்டியதுபோல் சாம்பல் நீலம். பார்த்ததும் "கட்டை மக்கிப்போச்சு" என்று விறகுக்குத் தள்ளுவதுதான் முதல் தவறு. அது மக்கல் இல்லை, சாயம். வண்டோடு வந்த பூஞ்சையின் இழைகளில் உள்ள மெலனின்தான் அந்த நிறம். மக்கவைக்கும் பூஞ்சை மரத்தின் நாரையே அரிக்கும். இதுவோ மரம் சேர்த்து வைத்த சர்க்கரையையும் கொழுப்பையும் தின்பதோடு சரி. பாரம் தாங்கும் வலு ஏறக்குறைய அப்படியே இருக்கும். இதையே ‘டெனிம் பைன்’ என்று பெயர் சூட்டி விற்கிறார்கள். வியாபாரிக்குச் சொல்லியா தர வேண்டும்! நீலத்தைப் போக்க இழைப்புளியை எடுப்பதும் வீண்வேலை, சாயம் ஆழத்தில் ஏறியிருக்கும்.

அப்புறம், வண்டு தனியாக வருகிறது என்ற நினைப்பு. மேலே சொன்ன பட்டை வண்டு, அதாவது மலைப் பைன் வண்டு, அரிசிமணி அளவுதான், சுமார் 5 மில்லிமீட்டர். 1990களின் கடைசியில் பெருகத் தொடங்கி அந்த மாநிலத்தில் சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காட்டைப் பாதித்தது. அதன் வாயருகே நுண்ணிய பைகள், அவற்றுக்குள் பூஞ்சை வித்துகள். துளைத்த வழியே அவை இறங்கி, மரத்தில் நீர் ஏறும் பாதையைக் கெடுக்கின்றன. பூஞ்சை திரட்டித் தரும் நைட்ரஜன் வண்டின் புழுக்களுக்குச் சாப்பாடு. அதற்காகப் பூஞ்சைதான் கொலையாளி என்று அடித்துச் சொல்லவும் கூடாது. புழுக்களும் பட்டைக்கடியில் தின்றுகொண்டே போகின்றன. யார் பங்கு எவ்வளவு என்ற வாதம் ஆய்வாளர்களிடையே ஓயவில்லை.

எல்லா நீலப் பூஞ்சையும் வண்டுக்குக் கூட்டாளியும் அல்ல. அமெரிக்காவின் தெற்கே தென்பைன் வண்டு என்ற வேறொரு பட்டை வண்டின் உடம்பில் தொற்றிவரும் சிற்றுண்ணிகள் தமக்கு உணவாகும் ஒரு நீலப் பூஞ்சையைச் சுமந்து வருகின்றன. அது படர்ந்த இடத்தில் வண்டின் புழுக்கள் தேறுவதில்லை.

செலவு இழுக்கும் தவறு இனிதான்: சிவந்த மரத்தை வெட்டினால் பரவல் நின்றுவிடும் என்பது. மலைப் பைன் வண்டு அடித்த மரத்தின் ஊசியிலை சிவப்பது பெரும்பாலும் மறு வருடம். முழுக்கச் சிவந்து நிற்கும்போது புது வண்டுகள் பறந்துபோயிருக்கும். பார்க்க வேண்டியது பச்சையாக நிற்கும் பக்கத்து மரத்தை. தண்டில் சோளப்பொரி போல் பிசின் உருண்டைகள், அடியில் மரத்தூள் இருக்கிறதா? சந்தேகமென்றால் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையைச் சீவுங்கள், வெள்ளைப் புழுக்கள் தெரியும். பிசின் மட்டும் வழிந்து, தூளும் புழுவும் இல்லையென்றால் மரமே வண்டை விரட்டியிருக்கலாம். அதை வெட்ட வேண்டாம்.