வெளிநாட்டுத் தன்னார்வப் பணி: படிப்பு, வேலை, குடும்பத்தோடு பொருத்திக்கொள்வது எப்படி

கல்லூரிப் படிப்பை முடித்ததும் ஓராண்டு வெளிநாட்டில் தொண்டு செய்துவிட்டு வருகிறேன் என்று ஒரு பெண் வீட்டில் சொன்னால், அப்பா வேலையைப் பற்றிக் கேட்பார், அம்மா கல்யாணத்தைப் பற்றிக் கேட்பார். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். அவற்றுக்கு ஆர்வத்தால் மட்டும் பதில் சொல்ல முடியாது. தேதிகளை எடுத்துவைத்துப் பேச வேண்டும்.

நம்மவர்கள் விண்ணப்பிக்கக்கூடியவற்றுள் முக்கியமானது ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் திட்டம். ஐ.நா. பொதுச்சபை 1970-இல் உருவாக்கிய இத்திட்டத்தின் தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. 18 முதல் 26 வயது வரை இளைஞர் பிரிவிலும், 27 வயதும் மூன்று ஆண்டு அனுபவமும் இருந்தால் வல்லுநர் பிரிவிலும், 35 வயதும் 15 ஆண்டு அனுபவமும் இருந்தால் அதற்கும் மேலான நிபுணர் பிரிவிலும் விண்ணப்பிக்கலாம். ஆகவே, இருபத்து மூன்று வயதில் போக முடியாவிட்டால் வாய்ப்பு கைநழுவிப் போயிற்று என்று யாரும் கலங்க வேண்டியதில்லை. இதில் சம்பளம் கிடையாது. ஆனால் மாதந்தோறும் வாழ்க்கைச் செலவுக்கான படியும், பயணச் செலவும், மருத்துவக் காப்பீடும் உண்டு. விண்ணப்பத்தின் எந்தக் கட்டத்திலும் கட்டணம் கிடையாது. பணம் கேட்டு யாராவது அணுகினால் அது மோசடி என்று உறுதியாக முடிவு செய்துவிடலாம்.

முதல் வேலையாக, அடுத்த ஐந்து ஆண்டுகளில் உங்களால் தள்ளிப்போட முடியாத தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். கல்விக்கடன் வாங்கிப் படித்தவர்களுக்கு அந்தத் தாளின் முதல் வரி தவணை தொடங்கும் மாதம்தான். இந்திய வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி, படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கழிந்ததும் தவணை தொடங்கிவிடும். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் வங்கி காத்திருக்காது. குடிமைப் பணித் தேர்வு எழுத நினைப்பவர்கள் வயது வரம்பை எழுதிக்கொள்ள வேண்டும். பொதுப் பிரிவினருக்கு 32, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 35, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 37 என்பதால், இரண்டாண்டு இடைவெளி ஒருவருக்குப் பொருட்டாகவே இருக்காது, இன்னொருவருக்குக் கடைசி வாய்ப்பையே பறித்துவிடும். இன்னும் கல்லூரியில் இருப்பவர்கள், 18 வயது நிறைந்திருந்தால், அதே திட்டத்தின் இணையவழித் தன்னார்வப் பணியில் மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு போன்றவற்றை வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மிகாமல் செய்து பழகலாம். இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்று ஊரை விட்டுப் போகாமலே தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழியை நான் அறியேன்.

வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் சம்பள இழப்பைத்தான் கணக்கிடுகிறார்கள். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது பெற்றோரின் மருத்துவக் காப்பீடு. அலுவலகக் குழுக் காப்பீட்டில் அப்பா அம்மாவைச் சேர்த்திருந்தால், நீங்கள் வேலையை விட்ட அன்றே அந்தப் பாதுகாப்பும் போய்விடும். என் நண்பர் ஒருவர் இதைக் கவனிக்காமல் புறப்பட்டார். மூன்றாம் மாதம் அவருடைய தந்தைக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது முழுத் தொகையையும் கைப்பணத்திலிருந்தே கட்ட நேர்ந்தது. புதிதாகத் தனிநபர் காப்பீடு எடுத்தாலும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். ஆகவே, ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் காப்பீட்டுக்கு மாற்றித்தர முடியுமா என்று கேளுங்கள். ராஜினாமா கொடுத்தபின் வேலையில் இருந்தாக வேண்டிய அறிவிப்புக் காலத்தையும் பாருங்கள். மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் அது 90 நாள், அழைக்கும் இடத்தில் அவ்வளவு காலம் பொறுக்க மாட்டார்கள். ராஜினாமாவுக்குப் பதில் ஊதியமில்லா விடுப்பு கிடைக்குமா என்று மேலாளரிடம் முன்கூட்டியே பேசி, கிடைத்தால் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

திருமணமானவர்கள் பணியிடத்துக்குக் குடும்பத்தை அழைத்துச் செல்லலாமா என்பதை விண்ணப்பிக்கும்போதே பார்க்க வேண்டும். போர்ச் சூழல் உள்ள பல இடங்களில் அதற்கு அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும், பிள்ளை பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ இருந்தால் அந்த ஆண்டைத் தவிர்ப்பதே நல்லது. பெண் பார்க்கும் பேச்சு, மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு நடக்கும் வீட்டில், போகும் மாதத்தையும் திரும்பும் மாதத்தையும் எதிர்த்தரப்பிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

காகித வேலைகளை அழைப்பு வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். பாஸ்போர்ட், பட்டச் சான்றிதழ், காவல்துறைச் சான்று ஆகியவற்றோடு, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் வேண்டும். சென்னையில் கிண்டி கிங் ஆய்வகத்தில் அதைப் போடுகிறார்கள். குப்பியைத் திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் பலருக்குப் பயன்படுத்தித் தீர்த்தாக வேண்டும் என்பதால், நினைத்த நேரத்தில் போய்ப் போட்டுக்கொள்ள முடியாது. முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். முட்டை ஒவ்வாமை உண்டா என்று கேட்பார்கள், இருந்தால் மறைக்காதீர்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருங்கள். அந்த நாடுகளிலிருந்து ஊர் திரும்பும்போது விமான நிலையச் சுகாதார அதிகாரி முதலில் அதைத்தான் கேட்பார். இல்லையென்றால், வாசலில் வீட்டார் காத்திருக்க, உங்களை ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள்.