விமானம் பார்த்துச் சொல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1940 கோடையில் ஜெர்மன் விமானங்கள் அலையலையாக வந்தபோது, பிரிட்டனின் கடற்கரை ரேடார் கோபுரங்கள் கடலை நோக்கித்தான் பார்த்துக்கொண்டிருந்தன. கரையைத் தாண்டிவிட்ட விமானம் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல மனிதக் கண்ணும் காதும்தான் இருந்தன. அந்த வேலையைச் செய்தது 1925-இல் தொடங்கப்பட்ட அப்சர்வர் கோர் என்ற தன்னார்வலர் படை. ஏறத்தாழ ஆயிரம் சாவடிகளில் சுமார் 30,000 பேர் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். 1941 ஏப்ரலில் அரசர் ஆறாம் ஜார்ஜ் அதற்கு 'ராயல்' என்ற அடைமொழியை வழங்கினார். வானம் பார்த்துத் தகவல் சொல்லும் வேலைக்கு வருகிற எவரும் அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதல் தவறு, உயரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிட்டு அதையே உறுதியாக நம்புவது. சாவடியில் வட்டமான வரைபட மேசை ஒன்று இருக்கும். அதன்மேல் குறிபார்க்கும் கருவி. விமானத்தின் உயரத்தை முதலில் கணித்துக் கருவியில் வைத்து, பிறகு விமானத்தைக் குறிபார்த்தால், முள் வரைபடத்தில் ஒரு கட்டத்தைக் காட்டும். உயரம் பிசகினால் இடமும் பிசகும். விமானம் அடிவானத்திலிருந்து 30 பாகை கோணத்தில் தெரிகிறது என்று வையுங்கள். நீங்கள் 3,000 மீட்டர் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் அது 4,500 மீட்டரில் பறக்கிறது. முள் காட்டும் இடம் 5.2 கிலோமீட்டர் தொலைவு, விமானம் இருப்பதோ 7.8 கிலோமீட்டரில். கோணம் தாழத் தாழ இந்த வித்தியாசம் இன்னும் பெருகும். இதற்கு அவர்கள் கண்ட வழி, பக்கத்துச் சாவடியோடு ஒப்பிடுவது. இரண்டு சாவடிகள் ஒரே விமானத்தை ஒரே நேரத்தில் பார்த்தால், இரு பார்வைக் கோடுகளும் வெட்டும் இடத்திலிருந்து உண்மையான உயரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். மிக்கில்த்வெயிட் என்பவர் வடிவமைத்த திருத்துகருவி இதற்காகவே அந்த மேசையில் பொருத்தப்பட்டது. பக்கத்துச் சாவடி சொல்வது நம் கணக்கோடு ஒத்துவரவில்லையென்றால் கௌரவம் பார்க்காமல் திருத்திக்கொள்ள வேண்டும்.

மேகம் மூடியிருக்கும் நாளில் காதை மட்டும் நம்ப வேண்டிவரும். சத்தம் வரும் திசையிலேயே விமானம் இருக்கிறது என்று சொல்லிவிடக்கூடாது. ஐந்து கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஒலி வந்து சேர ஏறத்தாழ 15 நொடி ஆகும். அதற்குள் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். ஆகவே தகவல் சொல்லும்போதே 'கேட்டது' என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பார்த்ததையும் கேட்டதையும் ஒன்றாகக் கலப்பது, சாவடிகளின் தகவலை வாங்கி மையத்து வரைபட மேசையில் குறிப்பவரைத் திசைமாற்றும்.

நம்முடையதா எதிரியுடையதா என்பதில் பிழை நேர்ந்தால் உயிர் போகும். 1939 செப்டம்பர் 6 அன்று, போர் தொடங்கிய மூன்றே நாளில், பொய் எச்சரிக்கை ஒன்றால் எழுந்த குழப்பத்தில் பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் தங்கள் சொந்த ஹரிக்கேன் போர் விமானங்கள் இரண்டைச் சுட்டு வீழ்த்தின. ஒரு விமானி இறந்தார். நிறத்தையோ குறியையோ நம்பி அடையாளம் சொல்லக்கூடாது; தூரத்தில் இரண்டுமே தெரியாது. இறக்கையின் வடிவம், எஞ்சின்கள் இருக்கும் இடம், வால் என்று முழு நிழலுருவைப் பார்த்துப் பழக வேண்டும். அந்தப் பயிற்சிக்கு எவ்வளவு மதிப்பு இருந்ததென்றால், 1944-இல் நார்மண்டி படையெடுப்பின்போது சொந்த விமானங்களைக் கப்பல் பீரங்கிகள் சுட்டுவிடாமல் தடுக்க, இந்தத் தன்னார்வலர்கள் 796 பேரைக் கப்பல்களில் ஏற்றினார்கள்.

தாமதமும் தவறுதான். 'இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்லலாம்' என்று காத்திருக்கும் ஒரு நிமிடத்தில் மணிக்கு 400 கிலோமீட்டர் வேக விமானம் ஆறரை கிலோமீட்டர் கடந்துவிடும். மையத்து மேசையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறிகளின் நிறத்தை மாற்றியதே பழைய தகவலைப் புதியதென்று யாரும் எண்ணிவிடக்கூடாது என்பதற்காகத்தான்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொன்று: 'இப்படி இருக்க முடியாதே' என்று தகவலைத் திருத்துவது. 1941 மே 10 இரவு நார்தம்பர்லாந்து கடற்கரையைத் தாண்டி ஒற்றை விமானம் வந்தது. மெஸ்ஸர்ஷ்மிட் 110 என்ற ஜெர்மன் போர் விமானம் என்று தன்னார்வலர்கள் சொன்னார்கள். விமானப்படை நம்பவில்லை, அந்த ரகத்தில் திரும்பிப் போக எரிபொருள் போதாது என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான், திரும்பும் எண்ணமே அதை ஓட்டியவருக்கு இல்லை. அதில் வந்தவர் ஹிட்லரின் துணைத் தலைவர் ருடால்ஃப் ஹெஸ். சாவடியில் நின்றவர் தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார், அதோடு அவர் வேலை முடிந்தது. அது சாத்தியமா என்று ஆராய வேண்டியது மையம். அந்த ஆராய்ச்சியைச் சாவடியிலேயே செய்திருந்தால் சரியான தகவல் மையத்துக்கே போயிருக்காது.

1991-இல் இந்தப் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. ஆனால் 2022-இல் உக்ரைன் பொதுமக்களுக்கு 'ePPO' என்ற கைபேசிச் செயலியைக் கொடுத்தது. ட்ரோனோ ஏவுகணையோ தெரிந்தால் போனை அந்தப் பக்கம் நீட்டிப் பொத்தானை அழுத்த வேண்டும். பலருடைய கோடுகள் எங்கே வெட்டுகின்றன என்பதை வைத்துப் பாதை கணிக்கப்படுகிறது. உயரத்தை ஊகிக்கும் சுமை இதில் இல்லை. ஆனால் எந்த வகை என்று தேர்ந்தெடுப்பது இப்போதும் பார்ப்பவர்தான். ட்ரோன் சத்தத்துக்கும் ஏவுகணைச் சத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர் முன்கூட்டியே கேட்டுப் பழகியிருக்க வேண்டும்.