கரும்புக்குக் கீழே இருக்கும் காடு: ஓடைக்கரையை மீட்கும் முறை

வெருலம், டொங்காட், ஸ்டேங்கர் பக்கமானாலும் தெற்கே உம்சின்டோ பக்கமானாலும் தென்னாப்பிரிக்காவின் நடால் கரையோரக் கரும்பு நிலங்களின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். மேட்டில் கரும்பு இருக்கும். டிராக்டர் இறங்க முடியாத சரிவில், ஓடையை ஒட்டி, ஒரு பட்டை மரங்கள் நிற்கும். கணக்குப் புத்தகத்தில் அது சும்மா கிடக்கிற இடம். அங்கேதான் வெளிநாட்டிலிருந்து வந்த உண்ணிச்செடியும் (லாண்டானா) டிரிஃபிட் களையும் (குரோமோலீனா) புகுந்து, நாவல் இனத்து உம்டோனி மரங்களை மூடிக்கொண்டிருக்கின்றன.

இதைச் சுத்தம் செய்ய ஆட்களை இறக்கி ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் வெட்டிப் போட்டால், அடுத்த மழைக்குப் பிறகு முன்னைவிட அடர்த்தியாக முளைத்து நிற்கும். வெளிச்சம் பட்டதும் மண்ணில் கிடந்த களை விதைகள் கிளம்பும். களைக்கொல்லி மருந்து தடவாத தூர்கள் ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும். அதனால் கையிலுள்ள காசில் பாதிக்கு மேல் முதல் வெட்டுக்குச் செலவழிக்காதீர்கள். மீதி, திரும்பி வந்து பிடுங்குவதற்கு வேண்டும். அந்தக் கணக்குக்கு ஒரு ஏக்கர்தான் கட்டும் என்றால் ஒரு ஏக்கரோடு நிறுத்துங்கள்.

எங்கே தொடங்குவது

அடர்ந்து கிடக்கும் மோசமான இடத்தில்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். அங்கே தொடங்கக் கூடாது. நாட்டு மரங்கள் நன்றாக நிற்கும், களை குறைவாக இருக்கும் இடத்தில் தொடங்கி, அங்கிருந்து மோசமான பக்கம் நோக்கி நகர வேண்டும். நல்ல இடத்தில் மேலே நிழல் இருப்பதால் களை திரும்பி வருவது மெதுவாகத்தான் நடக்கும். நாட்டு மர விதைகளும் பக்கத்திலேயே விழும். ஓடையைப் பொறுத்தவரை மேல்பகுதியிலிருந்து கீழ்நோக்கி வர வேண்டும். கீழே சுத்தம் செய்துவிட்டு மேலே விட்டுவைத்தால் ஒவ்வொரு வெள்ளமும் புதிய விதையைக் கொண்டுவந்து கொட்டும்.

வேலை தொடங்குமுன் ஒரு நாள் கத்தி இல்லாமல் நடந்து பாருங்கள். காப்பாற்ற வேண்டிய நாட்டுக் கன்றுகளுக்கெல்லாம் வண்ண ரிப்பன் கட்டுங்கள். முழங்கால் உயரக் கன்று ஒன்று, நீங்கள் நடப்போகும் நாற்றைவிட மூன்று வருடம் முன்னால் இருக்கிறது. கூலிக்கு வெட்டுகிறவர் புதருக்குள் அதைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

அடையாளம் தவறினால்

டிரிஃபிட் களையின் இலையில் மூன்று நரம்புகள் சூலம் போலப் பிரியும். கசக்கினால் மண்ணெண்ணெய், டர்பன்டைன் வாடை வரும். உண்ணிச்செடியின் தண்டு நாலு பட்டையாக, முள்ளோடு இருக்கும். நாட்டுச் செடியான உம்சுஸ்வானேயும் தூரத்தில் அதைப்போலவே தெரியும். ஆனால் அதற்கு முள் கிடையாது, பூ சிறியது, வெள்ளை நிறம்.

அதிகம் தவறு நடப்பது பக்வீடில். நம் சுண்டைக்குச் சொந்தக்காரச் செடி அது: வெல்வெட் போன்ற பெரிய இலை, ஊதாப் பூ, பழுத்தால் மஞ்சளாகும் கொத்துக்காய். தண்டில் முள் இருக்காது. இலைக்காம்பின் அடியில் காதுமடல் மாதிரி இரண்டு குட்டி இலைகள் இருக்கும். தண்டில் முள் இருந்து காய் சிவப்பாகப் பழுத்தால் அது நாட்டுச் செடி, விட்டுவிடுங்கள். பக்வீட் இலையின் பொடி ரோமம் மூக்கிலும் தொண்டையிலும் எரிச்சல் கிளப்பும்; முகமூடி இல்லாமல் வெட்ட இறங்கினால் இரண்டு நாளைக்கு இருமல் விடாது.

சிரிங்கா என்று இங்கே சொல்லும் மலைவேம்பு வேறு வகைச் சிக்கல். வேம்பின் சாயல் இருப்பதால் வெட்ட மனம் வராது. வீட்டு வாசலில் நிற்பது ஒரு கதை, ஓடைக்கரையில் நிற்பது வேறு கதை. அதன் மஞ்சள் காய்களைப் பறவைகளும் தண்ணீரும் கொண்டுபோய்க் கரை நெடுக விதைத்துவிடும்.

எதை எப்படி எடுப்பது

டிரிஃபிட் களை நடாலில் ஜூன், ஜூலை வாக்கில் பூக்கும்; அதன்பின் விதை பஞ்சாகப் பறக்கும். ஆகவே பிப்ரவரியிலிருந்து மே முடிவதற்குள் அதை முடித்தாக வேண்டும். வேர் ஆழமில்லை, மழை பெய்த மறுநாள் இளஞ்செடியை அடியில் பிடித்து இழுத்தால் முழுசாக வந்துவிடும். பிடுங்கியதை வேர் மேலே இருக்கும்படி கிளையில் மாட்டிவிடுங்கள். ஈர மண்ணில் போட்டால் மறுபடி வேர் பிடிக்கும். இதன் விதை மண்ணில் பல வருடம் தங்காது என்பது நமக்குச் சாதகம். தொடர்ந்து பூக்க விடாமல் பார்த்துக்கொண்டால் அந்த இடத்தில் இதன் கதை முடிந்தது.

உண்ணிச்செடி அப்படியல்ல. தரைமட்டத்தில் வேர்க்கட்டை ஒன்று இருக்கும். அதைத் தோண்டி எடுக்காமல் மேலே வெட்டினால் ஆயுசுக்கும் வெட்டிக்கொண்டே இருக்கலாம். சிறியதைக் கடப்பாரையால் கிளப்புங்கள். பெரியதை வெட்டி மருந்து தடவுங்கள். மரத்தின்மேல் ஏறிப் படர்ந்த உண்ணிச்செடியையும் கொடிகளையும் கீழே இழுக்கக் கூடாது. இழுத்தால் மரத்தின் கிளைகளும் சேர்ந்து முறிந்து வரும். இடுப்பு உயரத்தில் ஒரு வெட்டு, அடியில் ஒரு வெட்டு, அடித்தூருக்கு மருந்து. மேலே உள்ளது காய்ந்து தானே உதிரட்டும். வெட்டிய குச்சிகளை மாடு மேயும் இடத்தில் போடாதீர்கள். தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் உரியும்.

தூருக்கு மருந்து தடவுவதில்தான் பாதிப் பேர் காசை வீணாக்குகிறார்கள். முறை இது. தண்டைத் தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்குள் வெட்டுங்கள். வெட்டு சமமாக இருக்க வேண்டும்; கரும்பு வெட்டுவதுபோல் சாய்த்து வீசினால் மருந்து ஒரு பக்கமாக வழிந்து ஓடிவிடும். வெட்டுமுகத்தில் ஒட்டிய மண்ணையும் மரத்தூளையும் தட்டிவிட்டு, உடனே தடவுங்கள். ஐந்து நிமிடம் கழித்து என்றால் தாமதம்; மரம் அதற்குள் தன் வாயை மூடிக்கொள்ளத் தொடங்கிவிடும். வெட்டுகிறவர் ஒருவர், பின்னாலேயே மருந்துடன் ஒருவர் என்று ஜோடியாக வேலை செய்வது இதற்காகத்தான். பெரிய தூரின் நடுக்கட்டை செத்த பகுதி, அங்கே ஊற்றுவது வீண். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் பச்சையாக ஈரமாகத் தெரியும் மெல்லிய வளையம்தான் உயிருள்ள இடம். அதைச் சுற்றி விடாமல் தடவுங்கள். மருந்தில் நீலச் சாயம் கலந்தால் எந்தத் தூர் விட்டுப்போயிற்று என்று ஒரே பார்வையில் தெரியும்.

மலைவேம்பு போன்ற பெரிய மரத்தை ஓடைக்கரையில் சாய்க்க வேண்டாம். விழும்போது பத்து நாட்டுக் கன்றுகளை நசுக்கும், தூர் மீண்டும் துளிர்க்கும், வேரிலிருந்தும் கன்று கிளம்பும். நின்ற நிலையிலேயே கொல்லலாம். கைக்கோடரியால் தண்டைச் சுற்றி, பட்டையைத் தாண்டிக் கட்டைக்குள் இறங்கும்படி, மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்வாகக் கொத்துங்கள். ஒவ்வொரு கொத்தும் சின்னக் கிண்ணம் மாதிரி மருந்தைப் பிடித்து வைக்க வேண்டும். மரத்தில் இலை நிறைந்திருக்கும் கோடையில் செய்யுங்கள். இலை உதிர்ந்த குளிர்காலத்தில் மருந்து வேருக்கு இறங்காது. பாதைக்கோ வீட்டுக்கோ மின்கம்பிக்கோ பக்கத்தில் உள்ள மரத்தை மட்டும் இப்படி நிற்கவிடாதீர்கள். காய்ந்த கிளை ஒருநாள் விழும்.

மருந்து வாங்கும்போது உங்கள் களையின் பெயரும் முறையும் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். அளவு லேபிள் சொல்வதுதான். 2 சதவீதம் என்றால் 10 லிட்டருக்கு 200 மி.லி.; கூடுதலாக ஊற்றினால் தண்டு சீக்கிரம் கருகி, மருந்து வேர்வரை போகாமல் நின்றுவிடும். இமாசாபிர், பிக்லோராம் கலந்தவை மண்ணில் தங்கி, வேர் வழியாகப் பக்கத்து மரத்தையும் கொல்லக்கூடியவை. நாட்டு மரங்களுக்கு நடுவே அவை வேண்டாம். டீசலில் கலக்கும் ட்ரைக்ளோபிர் மீனுக்கு நஞ்சு, அதைத் தண்ணீர் ஓரம் கொண்டுபோகக் கூடாது. கரையில் தெளிப்பானே வேண்டாம், தூரிகை போதும்.

வெட்டியதை எங்கே போடுவது

வெள்ளம் ஏறும் எல்லைக்கு மேலே. 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: கரையில் கிடக்கும் கட்டையும் கிளையும் அடித்துப்போய் முதல் பாலத்தின் குழாயில் அடைக்கும், தண்ணீர் உங்கள் கரும்புக்குள் திரும்பும். சரிவில் குறுக்காக, மட்டம் பார்த்து, வரப்பு போல அடுக்குங்கள். மண் அங்கே தங்கும். செங்குத்தான கரையில் மொத்தமாக ஒரே தடவையில் மொட்டையடிக்காமல், ஒரு பட்டை எடுத்து ஒரு பட்டை விட்டு, நாட்டுச் செடி பிடித்தபின் மீதியை எடுப்பது நல்லது.

குவித்து எரிப்பதை நான் ஆதரிப்பதில்லை. பெரிய குவியலின் சூடு அடிமண்ணைச் சுட்டு, அந்த வட்டத்தில் களையைத் தவிர வேறு எதையும் வெகுநாள் வளரவிடாது.

நெருப்பும் காட்டின் ஓரமும்

டிரிஃபிட் களை பச்சையாக இருக்கும்போதே எரியும். இலையில் அவ்வளவு எண்ணெய். அறுவடைக்கு முன் கரும்புக்கு வைத்த நெருப்பு காட்டோரத்தில் நிற்கும் இந்தக் களையில் ஏறினால் அப்படியே மரத்தின் உச்சிக்குப் போய்விடும். காட்டுக்கும் கரும்புக்கும் நடுவில் எரிபொருள் இல்லாத பட்டை ஒன்று வேண்டும். 1998-ஆம் வருடத்து 101-ஆம் எண் தீத்தடுப்புச் சட்டம் மீட்டர் கணக்கு சொல்லவில்லை. நெருப்பைத் தடுக்கும் வாய்ப்புள்ள அகலமும் நீளமும் வேண்டும், மண் அரிக்கக் கூடாது, எரியும் பொருள் கூடியமட்டும் இல்லாதிருக்க வேண்டும் என்கிறது. சரிவில் உழுது மண்ணைத் திறந்துபோடாமல், புல்லைக் குட்டையாக அறுத்து வைப்பதே மேல்.

அந்தப் பட்டையைக் காட்டுக்குள் வெட்டி எடுத்துவிடாதீர்கள். காட்டின் ஓரத்தில் தரைவரை இலையோடு நிற்கும் நாட்டுப் புதர்களைப் பூங்கா மாதிரி ஒழித்துவிட்டு, உள்ளே பார்த்தால் மரத்தண்டு தெரிகிறது என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் புதர்ச் சுவர்தான் காட்டுக்குக் கதவு. அது போனால் காற்றும் வெயிலும் நெருப்பும் களை விதையும் உள்ளே நுழையும்.

நடுவது

நாட்டு மரங்கள் பக்கத்தில் இருந்தால் நிறைய நட வேண்டியிருக்காது. பறவைகள் கொண்டுவரும். வெறும் இடம் பெரிதாக இருந்தால் அக்டோபர், நவம்பரில் முதல் நல்ல மழைக்குப் பிறகு, 2 முதல் 3 மீட்டர் இடைவெளியில், வேகமாக வளர்ந்து நிழல் தரும் மரங்களை முதலில் நடுங்கள்: டிரெமா, மிட்சீரி, தண்ணீர் ஓரத்தில் உம்டோனி. அவை நிழல் கட்டியபின்தான் நடால் மகோகனி போன்றவற்றின் முறை.

உம்டோனி, மகோகனி விதைகளைக் காயவைத்துப் பாட்டிலில் போட்டு வைத்தால் செத்துப்போகும். பழுத்து விழுந்ததும் சதையைக் கழுவி அந்த வாரமே விதைக்க வேண்டும். பவளமரம் நம் கல்யாண முருங்கையின் உறவு. போத்து நட்டாலே வரும். ஆகஸ்ட்டில் கைத்தடியைவிடப் பருமனான, 1.5 முதல் 2 மீட்டர் நீளக் கிளையை வெட்டி, சில நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்தபின், குழியடியில் ஆற்றுமணல் போட்டு அரை மீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். பச்சை வெட்டோடு ஈர மண்ணில் ஊன்றினால் அழுகும்.

காட்டு உயிர்களுக்கு

செத்த மரத்தை விறகாக்காதீர்கள். அதிலுள்ள பொந்தில்தான் ஊதுகுரல் இருவாச்சி முட்டையிடும். பட்டமரம் இல்லாத காட்டில் பழம் தின்ன வந்துபோகுமே தவிரக் குடியிருக்காது. பெரிய யூகலிப்டஸ் மரத்தை வெட்டுமுன் அண்ணாந்து பார்க்க வேண்டும். முடிக்கழுகு அதில் கூடு கட்டும், வருடாவருடம் அதே கூட்டுக்கு வரும். வேலியின் அடிக்கம்பியை முள் இல்லாததாக மாற்றி, தரையிலிருந்து ஒன்றரைச் சாண் உயர்த்தினால் டைக்கர் மான் அடிபடாமல் நுழைந்து போகும். அதே நேரம், வேலியோரம் மிருகத் தடம் தெரியும் இடங்களில் மாதம் ஒருமுறை நடந்து சுருக்குக் கம்பிகளைத் தேடி எடுங்கள். கம்பி முழங்கால் உயரத்தில் தொங்கும். வெயில் எதிரே அடிக்கும் காலை நேரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்.

சட்டம் கேட்பது

அரசின் அயல்நாட்டு ஆக்கிரமிப்புச் செடிப் பட்டியலில் டிரிஃபிட், உண்ணிச்செடி, பக்வீட் மூன்றும் 1பி வகை. கட்டுப்படுத்துவது நிலக்காரர் கடமை. நிலத்தை விற்கும்போது அந்தப் பட்டியலில் உள்ள செடிகள் இருப்பதை வாங்குகிறவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். இயற்கைக் காட்டில் உள்ள நாட்டு மரத்தை, அது உங்கள் சொந்த நிலமேயானாலும், 1998-ஆம் வருடத்து 84-ஆம் எண் காட்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வெட்டக் கூடாது. வெள்ளம் ஏறும் எல்லைக்கு வெளியே 10 மீட்டர் வரை அனுமதியின்றிப் புதிதாக உழவும் கூடாது.

திரும்பி வருவது

முதல் வெட்டு முடிந்த மூன்றாம் மாதம் ஒரு சுற்று, பிறகு முதல் வருடத்தில் இன்னும் இரண்டு சுற்று. முளைத்தவை கணுக்கால் உயரத்தில் இருக்கும்போது ஒரு ஆள் கையால் பிடுங்கியே முடிப்பார். இடுப்புயரம் ஏறிவிட்டால் மறுபடி கத்தி, மருந்து, ஜோடி ஆள். துளிர்த்த தூருக்குப் பழைய வெட்டின்மேல் மருந்து தடவிப் பயனில்லை, கொஞ்சம் கீழே புதிதாக வெட்டித் தடவுங்கள். இரண்டாம், மூன்றாம் வருடம் இரண்டு சுற்றுகள், ஒன்று கட்டாயமாக மே மாதத்துக்குள். ஒரு துண்டு மூன்றாம் வருடம் அரைநாள் வேலையாகச் சுருங்கியபின்தான் அடுத்த துண்டில் கத்தியை எடுக்க வேண்டும்.