கதையைப் பெயர்த்து வைக்காதீர்கள்

எழுதிய சிறுகதையையே குறும்படமாகவும் வானொலி நாடகமாகவும் காமிக்ஸாகவும் செய்து பார்க்கும் பிள்ளைகள் என்னிடம் பிரதி கொண்டுவருகிறார்கள். படிக்கப் படிக்க, இருபது வருடத்துக்கு முந்தைய என் முட்டாள்தனங்கள் வரிசையாக வருகின்றன. பேட்டரியை சார்ஜ் போடாமல் போவதெல்லாம் ஒரு தடவை பட்டால் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பின்னணிக் குரல்

என் காசைத் தின்ற தவறு இது. அப்பா இறந்த வீட்டைப் பற்றி ஒரு கதை எழுதியிருந்தேன். ‘வீட்டில் எல்லாம் இருந்தது, அப்பாவின் சத்தத்தைத் தவிர’ என்று அதில் ஒரு வரி. நாலு பேர் பாராட்டிவிட்டார்கள், சும்மா இருக்க முடியுமா? கேமராவை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, காலி நாற்காலியைக் காட்டி, மேலே அந்த வரியைக் கனத்த குரலில் படிக்க வைத்தேன். மொத்தம் நாற்பதாயிரம் ரூபாய். படம் முடிந்ததும் ஒரு பெரியவர் சொன்னார்: “நல்லா இருக்கு தம்பி. நான் கண்ணை மூடிட்டுத்தான் கேட்டேன், எல்லாம் புரிஞ்சுது.”

அந்த ‘நல்லா இருக்கு’ இன்னும் எரிகிறது.

திரும்ப எழுதியபோது அந்த வரியைத் தூக்கிவிட்டேன். அப்பாவுக்குக் காது மந்தம். அவர் போன பிறகு முதல் தடவையாக மகன் டிவியைப் போடுகிறான். தெருவுக்கே கேட்கிற சத்தம். அம்மா ரிமோட்டை எடுக்கிறாள், கையிலேயே வைத்திருக்கிறாள், சத்தத்தைக் குறைக்காமல் கீழே வைக்கிறாள். அவ்வளவுதான் காட்சி.

சரி, இதையே வானொலிக்குக் கொண்டுபோனால்? ரிமோட் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர், “சத்தத்தைக் கொஞ்சம் குறைங்களேன்!” என்று கத்த வேண்டும், அம்மா மகனிடம், “இருக்கட்டும்டா” என்று சொல்ல வேண்டும். காமிக்ஸில் டிவியின் சத்தத்தையே எழுத்தாக வரைந்து, அது கட்டத்தை அடைத்து அம்மாவை ஓரத்துக்குத் தள்ளலாம். மூன்றுக்கும் துக்கம் ஒன்றுதான், வேலை வேறு. இதைச் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். அடுத்த வாரம் பார்த்தால் மறுபடியும் பின்னணிக் குரல்!

காமிக்ஸில் யார் எங்கே

நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். முதலில் பேசுபவர் வலப்பக்கம் நின்றால், வசனம் எழுதும் பலூன்களின் வால்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அப்புறம், திடுக்கிட வைக்கிற படத்தை வலப்பக்கத் தாளில் வைக்காதீர்கள். புத்தகத்தை விரித்ததுமே கண்ணில் பட்டுவிடும். தாளைப் புரட்டினால்தான் தெரிய வேண்டும்.

வானொலியில் பேசாத ஆள்

பேசாதவர் அந்த அறையில் இல்லை. இருமவாவது விடுங்கள்.

திரைக்கதையில் ‘வருந்தினான்’

கேமராமேன் எதைப் படம் பிடிப்பார்?

சோக வயலின்

1955இல் வந்த ‘பதேர் பாஞ்சாலி’ என்ற வங்காளப் படத்தில் ஒரு காட்சி. ஊர் திரும்பிய தகப்பன், மகள் இறந்தது தெரியாமல் அவளுக்கு வாங்கிவந்த புடவையை எடுத்துக் காட்டுவார். தாய் உடைந்து கதறுவாள். அவள் குரல் கேட்காது. இயக்குநர் சத்யஜித் ராய் அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற, வில்லால் வாசிக்கும் தந்திக் கருவியை ஒலிக்கவிட்டார். நம் பிள்ளைகள் கதறலையும் வைத்துவிட்டு, அதன் மேல் வயலினையும் போடுகிறார்கள். இரண்டில் ஒன்றை எடுங்கள்.