கிரேஸியைத் தமிழில் எழுதும் முன்

என் மேசையில் ஒரு டீ கப் இருக்கிறது. புதுச்சேரியில் ஒரு மண்பாண்டப் பட்டறையில் வாங்கியது. மேல்பூச்சில் முடி முடியாக விரிசல். டீக்கறை ஏறி அந்தக் கோடுகள் பழுப்பாகிவிட்டன. பட்டறையில் இதற்குப் பெயர் கிரேஸிங். அந்தப் பெயரைக் கேட்ட அன்றுதான் என் தப்பு புரிந்தது.

கம்பெனி காலக் கடிதம் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். கடலூர் செயின்ட் டேவிட் கோட்டை ஆங்கிலேயர் கையில் இருந்த நாட்கள். கப்பலை ‘கிரேஸி’ என்று எழுதியிருந்தார்கள். புயலில் ஆடியது போலும் என்று நினைத்து ‘பித்துப்பிடித்த கப்பல்’ என்று எழுதிவிட்டேன். அது பழுதாகித் தண்ணீர் கசியும் கப்பல். கிரேஸ் என்றால் விரிசல் விடுவது, நொறுங்குவது. பாத்திரமும் சுவரும் நோயாளி உடம்பும் கிரேஸி ஆன பிறகு, 17-ஆம் நூற்றாண்டில்தான் அது மனதுக்கு வந்து ஒட்டியது. ஆகவே அகராதிக்குப் போகும் முன் ஆண்டைப் பாருங்கள்.

அடுத்து, யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்கர் ஒருவர் ‘அவன் என்மேல் மேட் (mad)’ என்றால் பெரும்பாலும் கோபம்தான், பைத்தியம் இல்லை. கிரிக்கெட் மேல் கிரேஸி என்றால் ‘கிரிக்கெட் கிறுக்கு’ சரியாக இருக்கும்.

பைத்தியம் பிடித்தவர் என்ற பொருள் கொண்ட லூனடிக் நிலவிலிருந்து வந்தது. லத்தீனில் லூனா என்றால் நிலா. நிலவின் கலை மாற மாறப் புத்தியும் மாறும் என்று நம்பினார்கள். திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரர் ‘பித்தா பிறைசூடி’ என்று தொடங்கியது எனக்கு உடனே நினைவுக்கு வரும். இரண்டுக்கும் உறவு கிடையாது, ஆனால் பித்தும் பிறையும் பக்கத்தில் நிற்கும் அழகை விட மனம் வராது. நம் பித்து பித்தத்திலிருந்து வந்தது, கிரேக்கரின் மெலங்கோலி, அதாவது ஆழ்ந்த சோகம், கரும்பித்தத்திலிருந்து வந்தது. காதல், பக்தி வரும் இடத்தில் பித்தைத் தயங்காமல் போடலாம்.

பெட்லம் என்ற ஆங்கிலச் சொல் 1247-இல் லண்டனில் தொடங்கிய பெத்லெம் மடத்தின் பெயரிலிருந்து வந்தது. அது பிறகு மனநோயாளிகளின் மருத்துவமனை ஆனது. நாம் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரைச் சொல்லிக் கேலி செய்வதும் இதே பழக்கம்தான். மொழிபெயர்ப்பில் அதைத் தொடாதீர்கள். இன்றைய ஆங்கிலத்தில் பெட்லம் என்றால் ‘ஒரே களேபரம்’, அவ்வளவுதான்.

லூசு, மெண்டல் இரண்டும் ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழில் வசவாகிவிட்டவை. கதையில் பாத்திரம் திட்டினால் போடுங்கள், மருத்துவக் குறிப்பில் வேண்டாம். இந்தியச் சட்டத்தின் பெயரிலேயே 1912-இல் ‘லூனசி’ இருந்தது. 1987-இல் அது ‘மனநலம்’ ஆனது. 2017 சட்டம் ‘மனநோய் உள்ள நபர்’ என்கிறது. இன்றைய ஆவணத்துக்கு அதுவே போதும்.

கடைசி வேலை, உரக்கப் படிப்பது. நான் சித்தி மகனுக்குப் படித்துக் காட்டுவேன். பல வருடமாக மாத்திரை எடுத்துக்கொள்கிறான். போன மாதம் ஒரு வரியில் நிறுத்தி, “அக்கா, ‘பாதிக்கப்பட்டவர்’ வேண்டாம், ‘சிகிச்சையில் இருப்பவர்’னு போடு” என்றான். அப்படியே மாற்றி அனுப்பினேன்.