கிசோம்பா கற்க ஆசையா? முதலில் நடக்கப் பழகுங்கள்

கிசோம்பா என்ற ஜோடி நடனத்தைக் கற்க வருகிறவர்கள் பலரும் நாலு வீடியோவைப் பார்த்துவிட்டு நேராகக் கஷ்டமான ஸ்டெப்புகளில் இறங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அது வேண்டாம். இந்த ஆட்டத்தின் உயிர் நடையில் இருக்கிறது, நடை சரியாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பின்னால் வரும்.

இது அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவில், 1970களின் கடைசியிலும் 80களிலும் உருவான ஆட்டம். அங்கே ஏற்கெனவே ஆடிவந்த செம்பாவின் அடிகளோடு, கஸ்ஸாவ் போன்ற கரீபியக் குழுக்களின் சூக் இசையும் கலந்தது. செம்பா வேகமானது, கிசோம்பா நிதானமானது. அதனால் ஆரம்பத்தில் மெதுவான பாட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பயிற்சிக்கு ஜோடியே தேவையில்லை. முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி நில்லுங்கள், பாட்டின் அடிக்கு ஒன்றாக இடது கால், வலது கால் என்று நின்ற இடத்திலேயே எடையை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் மற்ற காலைத் தரையிலிருந்து சட்டென்று தூக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் எடை முழுசாக மாறவில்லை, இரண்டு காலுக்கும் நடுவில் தொங்குகிறது என்று அர்த்தம். இது வராமல் அடுத்ததுக்குப் போகாதீர்கள், ஏனென்றால் நீங்கள் எந்தக் காலில் நிற்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெளிவில்லாதபோது ஜோடிக்கு எப்படித் தெரியும்? இடுப்பை வேண்டுமென்றே ஆட்டவும் வேண்டாம், முழங்கால் மடங்கி எடை மாறும்போது இடுப்பு தானாக அசையும், அந்த அளவே போதும்.

அப்புறம் அணைப்பு. லீட் செய்பவரின் (ஆட்டத்தை வழிநடத்துபவரின்) வலது கை ஜோடியின் முதுகைச் சுற்றி, தோள்பட்டை எலும்புக்குக் கீழே இருக்கும். ஃபாலோ செய்பவரின் (அவர் அசைவைப் பின்தொடர்பவரின்) இடது கை லீட் செய்பவரின் தோள்மேல். நெஞ்சும் மேல்வயிறும் தொட்டிருக்கும், பாதங்கள் மோதாதபடி இருவரும் ஒரு துளி விலகி நிற்பார்கள். எவ்வளவு நெருக்கம் என்பதை, அதில் யாருக்குக் குறைவாக இஷ்டமோ அவர்தான் முடிவு செய்ய வேண்டும். எதிரில் இருப்பவர் உடம்பை விறைத்தாலோ பின்னால் சாய்ந்தாலோ உடனே இடைவெளி விடுங்கள், இதில் பேச்சுக்கே இடமில்லை.

லீட் செய்பவர்களுக்கு ஒரு விஷயம்: கையால் தள்ளவோ இழுக்கவோ கூடாது. முன்னால் போக நினைத்தால் முதலில் நெஞ்சு நகரட்டும், கால் அதற்குப் பிறகு வரட்டும். ஃபாலோ செய்பவர் ஊகிக்காமல் அந்த அசைவு வரும்வரை காத்திருக்க வேண்டும். பின்னால் போகும்போது இடுப்பிலிருந்தே காலை நீட்டி, முன்பாதத்தை முதலில் வைத்து, பிறகு குதிகாலை இறக்குங்கள்.

பக்கவாட்டு ஸ்டெப், முன்-பின் ஸ்டெப், ஜோடிக்குப் பக்கத்தில் வெளியேறும் சாயீடா, இந்த மூன்றும் நடையோடு சேர்ந்தால் ஒரு பாட்டு முழுக்கத் தாராளமாக ஆடலாம்.

வகுப்பு தேடும்போது, அங்கே கற்றுத்தருவது கிசோம்பாவேதானா என்று கேட்டுவிடுங்கள். பிரான்சில் வளர்ந்த அர்பன் கிஸ் என்ற வேறொரு ஆட்டமும் பல இடங்களில் கிசோம்பா என்ற பெயரிலேயே நடக்கிறது. அதில் இடைவெளி கூடுதல், கால்கள் நேராக இருக்கும், திடீர் நிறுத்தங்கள் அதிகம். அதுவும் அழகான ஆட்டம்தான், ஆனால் உடம்பைப் பழக்கும் விதமே வேறு. ஆரம்பத்தில் இரண்டையும் சேர்த்துக் கற்றால் குழம்பிப்போவீர்கள், ஒன்று நிலைத்த பிறகு மற்றதற்குப் போங்கள்.