கான்ஃபிக் ஃபைலை எங்கே தேடலாம், எங்கே தேடக்கூடாது

பழைய ஃபைல்களைத் தேடி அழிக்கும் கமாண்ட் லைன் டூல் ஒன்றை எனக்காக எழுதி வைத்திருந்தேன். நிற்கிற ஃபோல்டரிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போய், முதலில் அகப்படும் கான்ஃபிக் ஃபைலை, அதாவது டூல் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற அமைப்புகள் எழுதிய ஃபைலை, அது எடுத்துக்கொள்ளும். ஒருநாள் பேக்கப் டிஸ்க்கில் நின்று ஓட்டினேன். பழைய லேப்டாப்பிலிருந்து நகலான கான்ஃபிக் ஒன்று அங்கே கிடந்திருக்கிறது. போட்டோக்களைத் தொடாதே என்ற வரி என் ஹோம் டைரக்டரியில் (கணினியில் எனக்கென்று உள்ள ஃபோல்டரில்) இருந்த ஃபைலில்தான் உண்டு, அந்த நகலில் இல்லை. இரண்டு வருடப் படங்கள் போய்விட்டன.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: அழிக்கிற, நகர்த்துகிற டூல் என்றால், அது வேலை செய்யும் ஃபோல்டருக்குள்ளேயே கான்ஃபிக்கைத் தேட விடாதீர்கள். அங்கே இருப்பதெல்லாம் அதற்கு வெறும் சரக்குதான், கட்டளை இல்லை. மேலே ஏறித் தேடியே ஆகவேண்டும் என்றால் ஃபைலின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். பலர் பயன்படுத்தும் கணினியில், மேல் ஃபோல்டரில் வேறொருவர் வைத்த கான்ஃபிக்கை எடுத்துக்கொள்ளும் ஓட்டை, நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் (Git) என்ற டூலிலேயே இருந்தது. 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பில்தான் உரிமையாளரைச் சரிபார்த்து அடைத்தார்கள்.

சரி, தேடும் வரிசை. கமாண்டில் நேரடியாகக் கொடுத்தது எல்லாவற்றையும் வெல்லும். அடுத்து என்விரான்மென்ட் வேரியபிள் (டூலுக்கு வெளியே, கணினிச் சூழலில் பெயரிட்டு வைக்கும் மதிப்பு), அப்புறம் பயனரின் ஃபைல், பிறகு கணினி முழுவதற்குமான ஃபைல், கடைசியில் டூலுக்குள்ளேயே இருக்கும் இயல்பு மதிப்பு. லினக்ஸில் பயனரின் ஃபைலுக்கு எக்ஸ்டிஜி கான்ஃபிக் ஹோம் (XDG_CONFIG_HOME) என்ற என்விரான்மென்ட் வேரியபிள் சொல்லும் இடத்தைப் பாருங்கள். அது காலியாக இருந்தால் ஹோமுக்குள் டாட் கான்ஃபிக் (.config) ஃபோல்டர். அந்த வேரியபிளில் முழுப் பாதை இல்லாமல் அரைகுறைப் பாதை இருந்தால் கண்டுகொள்ள வேண்டாம், எக்ஸ்டிஜி விதியும் அதைத்தான் சொல்கிறது.

பட்டியல்களில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஒரே மதிப்பு என்றால் இந்த வரிசையில் முன்னால் உள்ளது பின்னால் உள்ளதை மாற்றட்டும். ஆனால் எல்லா ஃபைல்களிலும் உள்ள 'தொடாதே' பட்டியல்களைச் சேர்த்துக்கொண்டே போங்கள். அப்படிச் செய்திருந்தால் என் படங்கள் தப்பியிருக்கும்.

ஃபைல் இல்லை என்பதும் படிக்க முடியவில்லை என்பதும் வேறு வேறு. இல்லையென்றால் அடுத்த இடத்துக்குப் போகலாம். அனுமதி மறுக்கப்பட்டாலோ, உள்ளே எழுத்துப்பிழை இருந்தாலோ டூல் அங்கேயே நிற்கவேண்டும். பயனரே பெயர் சொல்லிக் கொடுத்த ஃபைல் இல்லையென்றாலும் அப்படித்தான்.

கான்ஃபிக்குள் எழுதிய பாதைகளை அந்த ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடுங்கள், நிற்கிற ஃபோல்டரிலிருந்து அல்ல.

எந்த மதிப்பு எந்த ஃபைலின் எத்தனையாவது வரியிலிருந்து வந்தது என்று காட்ட ஒரு கமாண்டும் வையுங்கள். என் டூல் இப்போது எதையும் அழிக்கும் முன், படித்த ஃபைல்களின் முழுப் பாதையை அச்சிட்டுவிட்டு 'ஆம்' என்று நான் தட்டச்சு செய்யும்வரை காத்திருக்கிறது. சூடோ (sudo) போட்டு நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டும்போது ஹோம் என்னுடையதாக இல்லாமல் ரூட் என்ற நிர்வாகிப் பயனருடையதாக மாறியிருந்தால், அதுவும் அந்த வரிகளிலேயே தெரிந்துவிடுகிறது.